சுற்றுக்கு ஒரு வெடி

ஓட்டப்பிடாரத்திலிருந்து புதியம்புத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் சாலை அப்படியொன்றும் நெடுந்தூரச் சாலை அன்று. ஆயினும், மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் விளைகின்ற கரிசல் பூமியில் தொடங்கிச் சரக்குக் கப்பல்கள் நிற்கும் துறைமுகத்தில் முடிகின்ற அந்த வழியின் இரண்டு முனைகளையும் சேர்த்து நோக்குகிறவருக்கு, யந்திர விஞ்ஞானத்தின் சரித்திரத்தில் விசித்திரமான ஒரு நிலைமை தென்படும். கரிசல் முனையில், ஒரு தலைமுறைக் காலம் குடியானவனையும் உப்பளத் தொழிலாளியையும் மீன்காரரின் கூடையையும் சுமந்து திரிந்த இருவீச்சு யந்திரம், தெருவிலே டூ ஸ்ட்ரோக் என்று எல்லாரும் அறிந்த அந்த யந்திரம், புகை கக்கிய குற்றத்துக்காகச் சட்டத்தினால் சாலையிலிருந்து அநேகமாக விலக்கப்பட்டுவிட்டது. கடல் முனையிலோ, அதே தத்துவத்தின்மீது இயங்குகின்ற, ஆனால் மாடி வீட்டின் உயரமுள்ள யந்திரங்கள், உலக வாணிபத்தின் பெரும்பகுதியை இன்றும் இழுத்துச் செல்கின்றன. ஒரு முனையில் குற்றவாளியாக நின்ற தத்துவம் மறுமுனையில் அரசு செலுத்துவது எவ்வாறு என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

1872-ஆம் ஆண்டில் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவி, காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களைத் தருவித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியபோது, அவற்றின் வயிற்றில் இருந்தவை நீராவி யந்திரங்கள். நீராவியிலே ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நெருப்பு வெளியே கொதிகலத்தின் அடியில் எரிகிறது; ஆவி குழாய் வழியாக வந்து பிஸ்டனை ஒருமுறை இப்புறமும் மறுமுறை அப்புறமுமாகத் தள்ளுகிறது; ஆகையால் பிஸ்டனின் ஒவ்வோர் அசைவும் உழைக்கும் அசைவாகவே இருக்கிறது. நெருப்பைச் சிலிண்டருக்குள்ளேயே மூட்டும் யந்திரம் தோன்றியபோது இந்தச் சௌகரியம் பறிபோயிற்று. 1876-இல் ஜெர்மானியராகிய நிக்கோலஸ் ஆட்டோ வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நான்குவீச்சு யந்திரத்தில், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கி வாயுவை உள்ளிழுக்க வேண்டும். மேலேறி அதை அழுத்த வேண்டும். வெடித்த வாயுவால் தள்ளப்பட்டு மீண்டும் இறங்க வேண்டும். மறுபடி ஏறிக் கரிந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். இந்த நான்கில் உழைப்பு என்று சொல்லத் தக்கது மூன்றாவது ஒன்றே. அச்சு இரண்டு முறை சுழன்றால்தான் ஒரு வெடி; மற்ற நேரமெல்லாம் யந்திரம் அடுத்த வெடிக்கான ஏற்பாட்டிலே கழிக்கிறது.

சுற்றுக்கு ஒரு வெடி வேண்டும் என்று நீராவியில் பழகிய யந்திர சாஸ்திரிகள் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. ஸ்காட்லாந்துக்காரரான டுகால்ட் கிளார்க் 1881-இல் அத்தகைய யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதில் வாயுவை உள்ளே தள்ளுவதற்கென்று தனியாக ஒரு பம்பு தேவைப்பட்டது. அந்தப் பம்பையும் ஒழித்த பெருமை இங்கிலாந்தின் பாத் நகரத்திலே பட்டறை நடத்திய ஜோசப் டேக்கு உரியது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடிப்புறம் சும்மாதானே இருக்கிறது, அச்சு சுழலும் அறையைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் அந்த அடிப்புறமே பம்பாக வேலை செய்யுமே என்று அவர் 1889-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டுகொண்டார். அவரிடம் வேலை பார்த்த பிரடெரிக் காக் என்பவர், வாயு நுழையும் வாயிலையும் பிஸ்டனின் விளிம்பே திறந்து மூடும்படி செய்து, எஞ்சியிருந்த வால்வையும் எடுத்துவிட்டார். இன்றைய மருந்து தெளிக்கும் யந்திரம் வரையில் சிறிய இருவீச்சு யந்திரங்களின் உருவம் இந்த இருவரிடமிருந்து வந்ததே. டே பிற்காலத்தில் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் முயற்சியில் பொருளை இழந்து, 1946-இல் உலகம் அறியாமலே மறைந்து போனார். கண்டுபிடித்தவர்களைப் பற்றிய உலகத்தின் ஞாபகசக்தி எப்போதுமே கொஞ்சம் மட்டந்தான்.

தத்துவத்தைப் படத்தில் பார்ப்பதைவிடப் பொருளிலே பார்ப்பது நல்லது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் பழைய டி.வி.எஸ். 50 ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறை எதிலாவது, சிலிண்டரைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். வெளிப்புறமெங்கும் உஷ்ணத்தைக் காற்றில் கலக்கும் பொருட்டு மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும். உட்சுவரிலே சில ஜன்னல்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றுள் அகன்றதாகவும், ஓரமெல்லாம் கரி பிடித்துப் பொருக்குத் தட்டியும் இருப்பது புகை வெளியேறும் ஜன்னல். அதைவிடச் சற்றுத் தாழ்வாகப் பக்கவாட்டில் இருப்பவை கரியின்றி எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். அவை அச்சறையிலிருந்து புது வாயு ஏறிவரும் வாயில்கள். பிஸ்டனின் தலையைப் பார்த்தாலோ, புகை ஜன்னலை நோக்கிய பாதி கறுத்தும் மறுபாதி பழுப்பாகவும் இருக்கும். யந்திரத்தின் சரித்திரம் முழுவதும் அந்த இரண்டு நிறங்களில் எழுதியிருக்கிறது என்று சொல்லலாம். வால்வு இல்லை, அதைத் தூக்கும் கேம் இல்லை, கேமைச் சுழற்றும் சங்கிலி இல்லை. அசையும் உறுப்புக்கள் மூன்றே: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க்.

பிஸ்டன் மேலே ஏறும்போது தலைப்புறத்தில் வாயு அழுத்தப்படுகிறது. அதே சமயத்தில் அடிப்புறத்து அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்த புது வாயு உறிஞ்சப்படுகிறது. உச்சியில் பிளக் பொறி தட்டுகிறது. வெடியினால் பிஸ்டன் கீழே தள்ளப்படுகையில், அடிப்புறத்து வாயு அழுத்தம் பெறுகிறது. பிஸ்டன் இறங்கி வரும்போது முதலில் புகை ஜன்னல் திறக்கிறது, கரிந்த வாயு வெளியே பாய்கிறது. ஒரு கணம் கழித்துப் பக்கவாட்டு வாயில்கள் திறக்க, கீழே அடைபட்டிருந்த புது வாயு மேலே பொங்கி, எஞ்சிய புகையைத் தள்ளிவிட்டு அதன் ஸ்தானத்தைப் பிடிக்கிறது. பிஸ்டன் மீண்டும் ஏறி ஜன்னல்களை மூடுகிறது. நான்கு காரியங்களும் நடந்துவிட்டன. அச்சு சுழன்றது ஒரே சுற்று.

இதன் குணமும் தோஷமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. புகை வெளியேறும் வாயிலும் புது வாயு நுழையும் வாயிலும் ஒரே சமயத்தில் திறந்திருந்தால்தான் இந்த யந்திரம் நடக்கும். கலியாண வீட்டிலே, உண்டவர் எழுந்து இலை எடுத்த பிறகு அடுத்த பந்தியை அழைப்பது நான்குவீச்சின் முறை. முன்வாசலையும் கொல்லைப்புறத்தையும் ஒருங்கே திறந்துவிட்டு, வருகிறவர்களின் நெருக்கத்தினாலேயே உண்டவர்களை வெளியே தள்ளுவது இருவீச்சின் முறை. பந்தி வெகு வேகமாக நடக்கும். ஆனால் உண்டவர் சிலர் உள்ளேயே தங்கிவிடுவதும், வந்தவர் சிலர் சாப்பிடாமலே கொல்லைப்புறமாக வெளியே போய்விடுவதும் தவிர்க்க முடியாதவை. சாதாரணக் கார்புரேட்டர் பொருத்திய இருவீச்சு யந்திரங்களில், உள்ளே வந்த பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு வரையிலும் இப்படி எரியாமலே புகைக்குழாய் வழியாகப் போய்விடக்கூடும். 1920-களில் ஜெர்மானியராகிய ஷ்னூர்லே, பக்கவாட்டு வாயில்களைச் சாய்வாக அமைத்து, புது வாயு எதிர்ச்சுவரில் மோதி மேலே வளைந்து திரும்பும்படி செய்து இந்த நஷ்டத்தைக் குறைத்தார், டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்கள் அதனாலேயே உலகப் புகழ் பெற்றன. குறைந்ததேயன்றி நஷ்டம் ஒழியவில்லை.

இரண்டாவது தோஷம் மசகு எண்ணெயைப் பற்றியது. நான்குவீச்சு யந்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்க ஒரு தொட்டி உண்டு. இங்கே அடியறை வாயு செல்லும் பாதையாகிவிட்டபடியால் எண்ணெய் நிற்க இடமில்லை. ஆகவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றினார்கள்: பழைய வண்டிகளுக்கு லிட்டருக்கு 40 மில்லி என்றும், பின்னாளில் 20 மில்லி என்றும். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, “ஒரு லிட்டர் போட்டு ஆயில் ஊத்துங்க” என்று சொன்ன காலத்தை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கைக்கு வந்தபடி ஊற்றப்பட்ட அந்த எண்ணெய், கூடினால் நீலப் புகையாகவும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்வதாகவும் முடிந்தது.

இத்தனை தோஷமுள்ள யந்திரத்தை நம் நாட்டு ஜனங்கள் அரை நூற்றாண்டு காலம் விரும்பி வைத்துக் கொண்டாடினார்கள் என்றால், காரணம் இல்லாமல் இராது. பம்பாயில் லாம்பிரெட்டா, புனேயில் பஜாஜ், மைசூரில் ஜாவா, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் என்று விடுதலைக்குப் பிந்திய இந்தியாவின் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை இருவீச்சுக் குலத்தைச் சேர்ந்தவையே. ஆனால் தென்பாண்டிச் சீமையின் உட்கிராமங்களை அசைத்தது அவற்றில் ஒன்றுமன்று. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50. அந்தக் குழுமத்தின் மூலவரான டி. வி. சுந்தரம் ஐயங்கார் இதே திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதை ஒரு சுவையான செய்தியாகக் குறித்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஏறக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. இரண்டு பேர் என்பது தயாரித்தவர்களின் உத்தேசம். உபயோகித்தவர்கள் அந்தக் கணக்கை ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. முன்புறத்து வெற்றிடத்தில் உரமூட்டையும், பின்புறத்தில் பால் கேன்களும், பக்கவாட்டில் தண்ணீர்க் குடங்களும் தொங்க, புதியம்புத்தூர் ஆயத்த ஆடைகளின் மூட்டைகளும் தருவைகுளத்து மீன் கூடைகளும் அதன்மேல் ஊர் ஊராகப் போயின. வேப்பலோடை உப்பளங்களுக்கு விடியுமுன் போகவேண்டிய தொழிலாளிக்கு, பஸ்ஸின் நேரத்துக்குக் கட்டுப்படாத ஒரு காலைப்பொழுதை முதன்முதலாகக் கொடுத்தது அந்த வண்டி. பின்னால் வந்த எக்ஸ்.எல். சூப்பரில் இருந்தது 70 கன சென்டிமீட்டர்கூட நிரம்பாத யந்திரம். சக்தி மூன்றரைக் குதிரை.

இந்த வண்டியைச் சாமானியர் நேசித்ததற்கு விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது தன் சொந்தக்காரனுக்கு விளங்கக்கூடியதாக இருந்தது. நடுவழியில் நின்றுவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை பிளக்கில் எண்ணெய்க் கரி அடைத்திருக்கும். இருக்கையின் அடியிலிருந்து ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டி மிதித்தால் வண்டி புறப்பட்டுவிடும். இழுவை குறைந்தால் சைலன்சரைக் கழற்றி நெருப்பிலே காட்டி உள்ளே படிந்த கரியைச் சுட்டு எடுப்பார்கள். பிஸ்டன் தேய்ந்தால் லேத்துப் பட்டறையில் போர் போட்டு ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனை இடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஓர் உஷ்ண யந்திரத்தின் உள்ளுறுப்புக்களைத் தம் கையாலேயே திறந்து பார்த்து, காரணத்தையும் காரியத்தையும் தொடர்புபடுத்திப் பரிகாரம் தேடிக்கொண்டார் என்பது, பாடசாலைகள் பல சாதிக்காத விஞ்ஞானப் பயிற்சி என்றே நான் கருதுகிறேன்.

இளைஞரின் மோகம் வேறு வகையானது. 1985-ஆம் ஆண்டு இந்தியச் சாலைக்கு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று, யமஹாவின் உதவியோடு எஸ்கார்ட்ஸ் செய்த ஆர்.எக்ஸ். 100, மற்றது ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100. முன்னது இருவீச்சு, 98 கன சென்டிமீட்டர். பின்னது நான்குவீச்சு, 97 கன சென்டிமீட்டருக்குச் சிறிது மேல். அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முன்னதன் சக்தி 11 குதிரை, பின்னதன் சக்தி ஏழு குதிரை அளவே. வெடிகள் இரு மடங்கானால் சக்தியும் இரு மடங்காக வேண்டாமோ என்று கேட்கலாம். புகை முழுதும் வெளியேறாமலும் புது வாயு முழுதும் தங்காமலும் போகிறபடியால், ஒவ்வொரு வெடியும் நான்குவீச்சின் வெடியைவிட மெலிந்தது. பெட்ரோலை மிச்சம் பிடித்த சி.டி. 100 குடும்பஸ்தர்களின் வண்டியாயிற்று. ஆர்.எக்ஸ். 100-ஐ யார் வாங்கினார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தெருமுனையில் வருமுன்பே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அந்த ஓசைக்கும் விஞ்ஞான நியாயம் உண்டு. ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு யந்திரங்களில், சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பது இரு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதைவிட இருமடங்கு அதிர்வெண் உடையது. சங்கீத பாஷையில் சொன்னால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களைக் கழித்த எட்டயபுரத்துக்கு அண்மையிலுள்ள ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஓட்டம் தணிந்து நிற்கையில் கேட்கும் அந்தத் தாளம் தப்பிய “டக்-டக்” ஒலிக்கும் காரணம் உண்டு: மெதுவாகச் சுழலும்போது சிலிண்டரில் பழைய புகையே மிகுந்திருப்பதால் பொறி தட்டியும் வெடிக்காத சுற்றுக்கள் ஊடே வருகின்றன.

ஓசை வெறும் ஓசையாகவே நின்றுவிடவில்லை. அதையே வேலைக்கு அமர்த்தினார்கள். புகை ஜன்னல் திறந்தவுடன் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகவும், குறுகும் இடத்தில் தள்ளும் அலையாகவும் திரும்பி வருகிறது. முதல் அலை புகையை வெளியே இழுக்கும். இரண்டாவது அலை, தப்பி வெளியே வந்துவிட்ட புது வாயுவை, ஜன்னல் மூடுவதற்குச் சற்று முன் உள்ளே திருப்பித் தள்ளும். கணக்கும் எளியதே. நிமிஷத்துக்கு 7,500 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டு. ஜன்னல் திறந்திருப்பது அதில் பாதி, 4 மில்லி செகண்டு. சூடான புகையில் ஒலி செகண்டுக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஓடும். 4 மில்லி செகண்டில் அது போய்த் திரும்பவேண்டிய தூரம் 2 மீட்டர். ஆகவே அலை திருப்பப்படும் இடம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். வண்டியின் சைலன்சர் அந்த நீளத்தில் அமைந்தது அழகுக்காக அன்று. குறிப்பிட்ட ஒரு வேகத்திலே மட்டும் அலை உரிய நேரத்தில் வந்து சேர்வதனால், அந்த வேகத்தை எட்டியதும் வண்டி யாரோ பிடரியைப் பிடித்துத் தள்ளியது போலப் பாய்கிறது. இளைஞர்கள் லாகிரி கொண்டது இந்தப் பாய்ச்சலிலேதான்.

இந்த வித்தையைப் பூரணமாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். தொழிற்சாலையிலிருந்த வால்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சி.சி. பந்தய யந்திரம் 25 குதிரை கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200 குதிரை; காற்றை வெளியிலிருந்து திணிக்காமல் அந்த அளவை அதற்கு முன் எதுவும் எட்டியதில்லை. அவ்வாண்டே அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்து தப்பி, ரகசியத்தோடு ஜப்பானின் சுஸுகியிடம் சேர்ந்தார். மறு ஆண்டு 50 சி.சி. உலகப் பட்டம் சுஸுகிக்குக் கிடைத்தது. 1984-இல் அந்தச் சுஸுகி ஓசூருக்கு வந்து டி.வி.எஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து இருவீச்சு மோட்டார் சைக்கிள் செய்தது. உலகப் பந்தயங்களில் 500 சி.சி. இருவீச்சு வண்டிகள் 2001 வரை முடிசூடி நின்றன. 2002-இல் விதிகள் மாறியதும் நான்குவீச்சு வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

சாலையில் வந்த வீழ்ச்சிக்குப் பந்தய விதிகள் காரணமல்ல; காற்று காரணம். எரியாத பெட்ரோலும் அரைகுறையாக எரிந்த எண்ணெயும் நகரத்து மூக்குகளில் ஏறத் தொடங்கியதும் அரசாங்கம் விழித்தது. 1996-இல் இருசக்கர வண்டி ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாகும் ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு 3.6 கிராம் என்று வரம்பு செய்யப்பட்டது. அதே ஆண்டில் ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி நின்றது. 2000-இல் வரம்பு 2 கிராமாயிற்று, 2005-இல் ஒன்றரை, 2010-இல் ஒரே கிராம். இதற்கிடையே தில்லி மாநகரின் காற்றைப் பற்றிய வழக்கில், 2-டி எனப்படும் இருவீச்சு எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதை 1998-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அளந்து கலந்த பெட்ரோலே இனி விற்கலாம் என்றாயிற்று. ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாக நான்குவீச்சுக்கு மாறின. மொபெட் மட்டும், புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி ஒன்றைப் பொருத்திக்கொண்டு, கடைசி வரை போராடியது. 2015-இல் நான்குவீச்சு யந்திரத்தோடு எக்ஸ்.எல். 100 வந்தது, 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் அமுலுக்கு வந்த காலத்தை ஒட்டிப் பழைய எக்ஸ்.எல்லின் கதையும் முடிந்தது.

வைத்தியம் இல்லாமற் போகவில்லை. அடியறையிலிருந்து வெறுங்காற்றையே அனுப்பி, ஜன்னல்கள் மூடிய பிறகு எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சினால், தப்பிப் போவது காற்றாக மட்டுமே இருக்கும். ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் கம்பெனி இம் முறையை வளர்த்தது. பஜாஜ் 2007-இல் அதை ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவில் பொருத்தி விற்றது. பிலிப்பைன்ஸ் தீவுகளின் மூன்று சக்கர வாடகை வண்டிகளில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இத்தகைய உபகரணத்தைப் பொருத்தி, எரியாத வாயுவை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் பீய்ச்சுகருவியும் அதை ஆளும் மின்னணு மூளையும் சேர்ந்த மாத்திரத்தில், மூன்று உறுப்புக்களால் ஆன எளிய யந்திரம் என்ற பெருமை போய்விடுகிறது. விலையும் நான்குவீச்சைத் தொட்டுவிடுகிறது. ஏழையின் வண்டிக்கு அது கட்டுபடியாகவில்லை.

ஆகவே, இருவீச்சு வண்டி விலக்கப்பட்டது நியாயமே என்பது என் கட்சி. பழைய ஆர்.எக்ஸ். 100-ஐப் புதுப்பித்து, புது வண்டியின் விலைக்கு மேலும் கொடுத்து வாங்கும் அபிமானிகளிடம் எனக்குப் பகையில்லை. பழைய நினைவுக்குக் காது உண்டே தவிர மூக்கு கிடையாது போலும். இழப்பு எங்கே என்றால், இன்றைய வண்டி நடுவழியில் நின்றால் அதன் சொந்தக்காரர் ஸ்பானரைத் தேடுவதில்லை, கைப்பேசியைத் தேடுகிறார் என்பதிலே இருக்கிறது. அந்த இழப்பைச் சட்டம் எழுதியவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் தீர்ப்பு மாறியிராது.

சாலையை விட்டு விலகினாலும் ஓட்டப்பிடாரத்தை விட்டு அந்த யந்திரம் போய்விடவில்லை. 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து கரிசல் விவசாயிகளைக் கலங்கடித்ததே, அதற்கு மருந்தடிக்க முதுகில் மாட்டிச் செல்லும் விசைத் தெளிப்பான்களில் பலவற்றில் இருப்பது இருவீச்சு யந்திரமே. எண்ணெய்த் தொட்டி இல்லாத தோஷம் இங்கே குணமாகிறது: சாய்த்தாலும் குனிந்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் அது ஓடும்; மரம் அறுக்கும் ரம்பத்திலும் புல்வெட்டும் மிஷினிலும் அது நிலைத்திருப்பதற்கும் இதுவே காரணம். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் வள்ளங்களோடு நாட்டுப்படகுகள் நிற்கும் கரையில், ஃபைபர் படகுகளின் பின்புறத்தில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின்களிலும் இந்த இனத்தைப் பார்க்கலாம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும் அந்த எஞ்சினை, கடலிலிருந்து திரும்பியதும் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டு போகலாம். ஆனால் அதன் புகைக்குழாய் திறப்பது தண்ணீருக்குள்ளே. எரியாத எண்ணெய் போய்ச் சேர்வது 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில். முத்துக்குளிப்பு நின்றதற்கு இந்த யந்திரங்களைக் குறை சொல்லலாகாது. 1961-இல் இக் கடலில் கடைசிக் குளிப்பு நடந்தபோது அவை இங்கே பரவவே இல்லை. ஆயினும் தொள்ளாயிரம் பார் என்னும் முத்துத்திட்டின் மீதும் பவளத்திட்டுக்களின் மீதும் தினந்தோறும் எண்ணெய் சிந்துவதை அது நியாயப்படுத்தாது.

இனிக் கப்பலுக்கு வருவோம். சிதம்பரனார் சிறையிலிருந்து வெளிவந்த அதே 1912-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் சுல்சர் கம்பெனி செய்த இருவீச்சு டீசல் யந்திரங்கள் இரண்டைக் கொண்டு மோன்டே பெனெடோ என்னும் கப்பல் கடலோடியது. அவர் ஓட்டிய நீராவியின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது அந்த வமிசமே. டீசல் யந்திரத்தில் உள்ளே வருவது வெறுங்காற்று. எரிபொருள் கடைசியில் பீய்ச்சப்படுவது. ஆகையால் இரண்டு வாயில்களும் ஒருங்கே திறந்திருந்தாலும் தப்பிப் போவது காற்றே. பெரிய கப்பல் யந்திரத்தில் காற்று சிலிண்டரின் அடிப்பகுதி ஜன்னல்களால் நுழைந்து, சுழன்றபடி மேலேறி, உச்சியிலுள்ள ஒரு பெரிய வால்வு வழியாகப் புகையைத் தள்ளிச் செல்கிறது. வளைந்து திரும்பும் வேலை இல்லை. அந்தக் காற்றைத் தள்ளுவது புகையின் வேகத்தாலேயே சுழலும் டர்போ விசிறி. அச்சறைக்கு அந்த வேலை இல்லாதபடியால், அங்கே எண்ணெய் தனியே நிற்கிறது, பெட்ரோலோடு கலக்கும் பேச்சே இல்லை. மொபெட்டின் இரண்டு தோஷங்களும் இங்கே அடியோடு இல்லை. சுற்றுக்கு ஒரு வெடி என்ற குணம் மட்டும் நிற்கிறது.

குணம் மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதை 2006-இல் கடலில் இறங்கிய எம்மா மார்ஸ்க் கப்பலின் யந்திரம் காட்டியது. சிலிண்டர்கள் 14, ஒவ்வொன்றின் உள்விட்டம் 96 சென்டிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டரை மீட்டர், எடை ஏறத்தாழ 2,300 டன், சக்தி 80,000 கிலோவாட்டு. நிமிஷத்துக்கு 102 சுற்று மட்டுமே சுழல்வதால் பல்சக்கரம் எதுவுமின்றி அச்சு நேரே கப்பலின் விசிறியோடு இணைகிறது. பின்னோக்கிப் போக வேண்டுமானால் யந்திரத்தையே நிறுத்தி, அழுத்திய காற்றால் எதிர்த்திசையில் கிளப்பிவிடுகிறார்கள். எரிபொருளின் உஷ்ண சக்தியில் ஏறத்தாழ பாதி விசையாக மாறுகிறது. சாதாரணப் பெட்ரோல் வண்டி எதுவும் இதற்கு அருகில் வருவதில்லை. அத்தனை பெரிய கப்பல்கள் 1974-இல் திறக்கப்பட்ட நம் தூத்துக்குடித் துறைக்கு வருவதில்லை. ஆனால் இங்குள்ள அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களிலும், பெட்டிச் சரக்குக் கப்பல்களிலும் பெரும்பாலும் இருப்பவை அதே குடும்பத்தின் சிறிய உறுப்பினர்களே.

கப்பல் யந்திரம் புகையற்றது என்று இதனால் யாரும் நினைத்துவிட வேண்டாம். மட்டமான எண்ணெயை எரித்து அது வெளியிட்ட கந்தகம் கொஞ்சமன்று. 2020-இல்தான் சர்வதேச விதி அந்த எண்ணெயில் கந்தகத்தின் அளவை மூன்றரை சதவிகிதத்திலிருந்து அரை சதவிகிதமாகக் குறைத்தது. அது எரிபொருளின் குற்றம், வீச்சுக்களின் குற்றமன்று. எரிபொருளையே மாற்றும் முயற்சிகள் தொடங்கியபோது பொறியியலார் இந்த யந்திரத்தைக் கைவிடவில்லை. 2023-இல் பசுமை மெத்தனாலில் ஓடும் முதல் பெட்டிச் சரக்குக் கப்பலாக வந்த லாரா மார்ஸ்க்கின் பிரதான யந்திரம் இருவீச்சு யந்திரமே. அத்தகைய கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையம் ஒன்றுக்குத் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது.